ஜோசப் பிராமா (1748 – 1814): திரவத்தைக் காவல் காத்த தச்சர்



நீரியல் உயர்த்தி பற்றிய கணக்கை நீங்கள் பல தடவை செய்திருப்பீர்கள். சிறிய முசலத்தின் பரப்பளவு 1 ச.செ.மீ., பெரிய முசலத்தின் பரப்பளவு 100 ச.செ.மீ. எனத் தரப்பட்டிருக்கும். சிறியதன் மீது 100 நியூற்றன் விசையைப் பிரயோகித்தால் பெரியதில் 10,000 நியூற்றன் கிடைக்கும் என எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவீர்கள். ஆனால் இந்தக் கணக்கு தாளில் சரிவந்த காலத்துக்கும் இரும்பில் சரிவந்த காலத்துக்கும் இடையே 130 ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன என்பதைப் பெரும்பாலான பயிற்சிப் புத்தகங்கள் சொல்வதில்லை.

பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளேஸ் பஸ்கால் 1662இல் இறந்தார். திரவங்களின் சமநிலை பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டு, 1663இல், அச்சில் வெளிவந்தது. நீர் நிறைந்த மூடிய பாத்திரம் ஒன்றில் இரண்டு வாய்கள் இருந்து, ஒன்று மற்றதைவிட நூறு மடங்கு பெரிதாக இருந்தால், சிறிய வாயில் ஒருவர் தள்ளுவது பெரிய வாயில் நூறு பேர் தள்ளுவதற்கு ஈடாகும் என்று அதில் விளக்கியிருந்தார். கோட்பாடு முழுமையாகவே இருந்தது. அப்படியிருந்தும் 1795ஆம் ஆண்டு வரை அந்த இயந்திரத்துக்கு ஒருவரும் காப்புரிமை பெறவில்லை. அந்த ஆண்டில் அதைப் பெற்றவர் பல்கலைக்கழகம் சென்ற அறிஞர் அல்லர். கால் ஊனமுற்றதால் தச்சுத் தொழிலுக்கு வந்த ஒரு விவசாயியின் மகன். அவர்தான் ஜோசப் பிராமா.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில், ஸ்ரெயின்பரோ என்ற கிராமத்தில் 1748இல் பிராமா பிறந்தார். தந்தை வயல் செய்தவர். மகனும் வயலுக்கே போயிருப்பார். ஆனால் 16 வயதளவில் ஊர் விளையாட்டு ஒன்றில் அவரது கால் பலமாகக் காயப்பட்டது. ஏர் பிடிக்க முடியாத பிள்ளையை வீட்டார் ஊரிலிருந்த தச்சர் ஒருவரிடம் தொழில் பழக விட்டார்கள். தொழில் முடிந்ததும், அதே காலோடு லண்டனுக்கு நடந்தே போய்ச் சேர்ந்தார்.

லண்டனில் அவருக்குத் தளபாட வேலை கிடைத்தது. பணக்காரர் வீடுகளில் அப்போது புதிதாக வந்துகொண்டிருந்த நீர்க் கழிவறைகளைப் பொருத்தும் வேலையும் அதனோடு வந்தது. சிரிக்க வேண்டாம், பிராமாவின் முழு வாழ்க்கையும் இந்த இடத்தில்தான் திரும்புகிறது. அந்தக் கழிவறைகளில் கிண்ணத்தின் அடியில் பக்கவாட்டில் வழுக்கித் திறக்கும் ஒரு வால்வு இருந்தது. மேலே சுத்தமான நீரும் கீழே கழிவும் இருக்க, இரண்டையும் பிரித்து நிறுத்துவது அந்த ஒரு வால்வுதான். அது சரியாக மூடாவிட்டால் மேலே உள்ள நீர் வடிந்துவிடும், கீழே உள்ள நாற்றம் மேலே வந்துவிடும். குளிர்காலத்தில் அது உறைந்து சிக்கிக்கொள்ளவும் செய்தது. பிராமா அதை எடுத்துவிட்டு, கீல் போட்டு மடங்கி மூடும் இதழ் போன்ற வால்வைப் பொருத்தினார். 1778இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு திரவத்தை அதற்குரிய இடத்திலேயே நிறுத்திவைப்பது எப்படி என்பதே அவர் கையில் எடுத்த முதல் பிரச்சினை. பிறகும் அந்தப் பிரச்சினை அவரை விடவில்லை.

இடையில் அவர் பூட்டும் செய்தார். 1784இல் காப்புரிமை பெற்ற பிராமா பூட்டு நாடு முழுவதும் பெயர் பெற்றது. அதைத் திறந்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்துக் கடைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டார்கள். அவர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து, 1851இல், அமெரிக்கரான ஹொப்ஸ் என்பவர் 16 நாட்களில் மொத்தம் 51 மணித்தியாலம் முயன்று அதைத் திறந்தார். பூட்டின் கதை சுவையானதுதான். ஆனால் நமக்கு வேண்டியது அதைச் செய்த பட்டறையில் வேலை பார்த்த ஓர் இளைஞரின் கதை.

பூட்டின் உறுப்புகளை மிக நுட்பமாக அறுத்தெடுக்கக் கூடிய கைகள் லண்டனில் அதிகம் இருக்கவில்லை. 1789இல் ஹென்றி மோட்ஸ்லி என்ற 18 வயது இளைஞர் பிராமாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். வயதைப் பார்த்துத் தயங்கியவர்கள் வேலையைப் பார்த்த பின் தயங்கவில்லை. விரைவிலேயே அவர் பட்டறையின் தலைமைத் தொழிலாளி ஆனார்.

இந்தக் காலத்தில்தான் பிராமா பஸ்காலின் கோட்பாட்டை இரும்பில் செய்ய முனைந்தார். இப்போது உங்கள் கணக்கை மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். இம்முறை விசையைப் பார்க்காமல் திரவத்தின் கனவளவைப் பாருங்கள். 1 ச.செ.மீ. பரப்புள்ள சிறிய முசலத்தை 10 செ.மீ. கீழே தள்ளினால் இடம்பெயரும் நீர் 10 கன செ.மீ. மட்டுமே. அது 100 ச.செ.மீ. பரப்புள்ள பெரிய முசலத்தை 0.1 செ.மீ., அதாவது 1 மி.மீ. உயர்த்தும். 10 கன செ.மீ. என்பது இரண்டு தேக்கரண்டி நீர். ஒவ்வொரு தடவை தள்ளும்போதும் இரண்டு தேக்கரண்டி நீர் எங்காவது கசிந்து போனால், நாள் முழுக்கத் தள்ளினாலும் பாரம் ஒரு மயிரளவுகூட உயராது.

கசிவு எங்கே வரும்? பெரிய முசலத்தின் சுற்றளவு ஏறத்தாழ 35 செ.மீ. அதற்கும் உருளையின் சுவருக்கும் இடையில் 0.1 மி.மீ. இடைவெளி இருந்தாலே, சுற்றிவரக் கூட்டிப் பார்த்தால் 0.35 ச.செ.மீ. பரப்புள்ள ஓட்டையாகிறது. சிறிய முசலத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கை விட அது பெரிது! உள்ளே இருக்கும் அமுக்கமோ 1,000,000 பஸ்கால். இப்படிப்பட்ட அமுக்கத்தில் நீர் ஓட்டையைத் தேடிப் பாயாமல் என்ன செய்யும்? வினாத்தாளில் கசிவு இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். பிராமாவால் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சணல், தோல் முதலியவற்றை இடைவெளியில் இறுக்கி அடைப்பது அக்காலத்து வழக்கம். இறுக்கம் குறைவென்றால் நீர் கசிந்தது. கசியாத அளவுக்கு இறுக்கினால் முசலமே சிக்கிக்கொண்டது. அமுக்கத்தை நீக்கிய பிறகும் அது கீழே இறங்க மறுத்தது. ஏறுவதற்கும் இறங்குவதற்கும் இரண்டு வேறு இறுக்கங்கள் தேவைப்பட்டன. ஒரே அடைப்பு இரண்டையும் எப்படித் தரும்?

விடையாக வந்தது ஒரு தோல் வளையம். அதை வெட்டிப் பார்த்தால் தலைகீழாகக் கவிழ்த்த ‘ப’ போல, கவிழ்த்த வாய்க்கால் போல இருக்கும். வாய்ப் பக்கம் நீரை நோக்கியிருக்கும்படி அதை உருளையின் கழுத்தில் பள்ளம் வெட்டிப் பொருத்தினார்கள். அமுக்கம் கூடும்போது நீர் அந்த வாய்க்காலுக்குள் புகுந்து, ஓர் உதட்டை முசலத்தின் மீதும் மற்ற உதட்டை உருளையின் மீதும் தள்ளும். அமுக்கம் கூடக் கூட வளையம் தானாகவே இறுகும். அமுக்கம் நீங்கினால் தானாகவே தளரும், முசலமும் வழுக்கிக்கொண்டு இறங்கும். தப்பிக்கப் பார்க்கும் நீரைக் கொண்டே அது தப்பும் வழியை அடைத்துவிட்டார்கள்.

இந்த யோசனை யாருடையது? காப்புரிமை பிராமாவின் பெயரில் இருக்கிறது. பிற்காலத்தில் மோட்ஸ்லியிடம் உதவியாளராக இருந்த பொறியியலாளர் ஜேம்ஸ் நாஸ்மித், தோல் வளையம் மோட்ஸ்லியினுடையதே என்று எழுதிவைத்தார். வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு. நாஸ்மித்தின் கூற்றையே பலரும் ஏற்கிறார்கள், நானும் அந்தப் பக்கம்தான். இயந்திரத்தின் பெயர் மட்டும் பிராமா அமுக்கி என்றே நிலைத்துவிட்டது.

மோட்ஸ்லிக்குக் கிடைத்தது கிழமைக்கு 30 சிலிங் கூலி. திருமணமாகிக் குடும்பம் பெருகியபோது கூட்டித் தரும்படி கேட்டார். பிராமா மறுத்துவிட்டார். 1797இல் மோட்ஸ்லி வெளியேறிச் சொந்தப் பட்டறை வைத்தார். திருத்தமான திருகாணிகளை வெட்டும் கடைசல் இயந்திரத்தால் அவரும் உலகப் புகழ் பெற்றார். பிராமாவின் வாழ்க்கையைப் படிப்பவர்களுக்கு அவர் மீது மனக்குறை வருவது இந்த இடத்தில்தான். சில சிலிங்குகளுக்காகத் தன் பட்டறையின் மிகச் சிறந்த கையை இழந்தார்.

ஆனாலும் அவரது வேலை நிற்கவில்லை. நிலவறையில் உள்ள பானங்களை மேல்தளத்துக்கு ஏற்றும் கைப்பம்பியை 1797இல் பதிவு செய்தார். 1806இல் இங்கிலாந்து வங்கியின் பணத்தாள்களில் தொடர் இலக்கம் அச்சிடும் இயந்திரத்தைக் கொடுத்தார். அதுவரை எழுதுவினைஞர்கள் அந்த இலக்கங்களைக் கையாலேயே எழுதிவந்தார்கள்.

அவரது முடிவும் அந்த அமுக்கியோடுதான் வந்தது. 1814இல் ஹாம்ப்ஷயரின் ஹோல்ட் காட்டில் பெரிய மரங்களை வேரோடு பிடுங்க அவரது இயந்திரத்தைக் கொண்டுபோனார்கள். முந்நூறுக்கும் மேற்பட்ட மரங்கள் அப்படிப் பிடுங்கப்பட்டன. அறுபத்தாறு வயதான பிராமா குளிரில் நேரில் நின்று வேலையைக் கவனித்தார். அங்கே பிடித்த தடிமன் நுரையீரல் வரை போயிற்று. 1814 டிசெம்பர் 9ஆம் திகதி லண்டனில் காலமானார்.

1849இல் வேல்ஸ் நாட்டின் பிரிட்டானியா பாலத்துக்கான, ஒவ்வொன்றும் 1500 தொன்னுக்கு மேற்பட்ட இரும்புக் குழாய்களை உயர்த்தியது இதே வகை அமுக்கிதான். அந்த வேலையின்போது ஓர் உருளை வெடித்தது. குழாய் உயர உயர அதன் அடியில் முட்டுக் கட்டிக்கொண்டே வந்ததால், அது சில அங்குலம் இறங்கியதோடு தப்பியது.

இனி, பிராமா காணாத ஒரு பிரச்சினைக்கு வருவோம். அவரது அமுக்கியில் இருந்தது ஒரே திரவம், நீர். அதற்கேற்ற அடைப்பு தோல். நீர் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும், குளிர்நாட்டில் உறையும், உராய்வைக் குறைக்காது. ஆகவே இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. 1906இல் வேர்ஜீனியா என்ற அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கிகளை இயக்க எண்ணெயைக் கொண்டு அமைத்த தொகுதி அதில் முக்கியமான படி. தோலின் இடத்துக்கு இறப்பர் வந்தது. இங்கேதான் சிக்கல். எந்தத் திரவமும் அமுக்கத்தைக் கடத்தும், ஆனால் எந்த இறப்பரும் எந்தத் திரவத்தையும் தாங்கும் என்பதில்லை. ஓர் இறப்பர் வளையத்தை மண்ணெண்ணெயில் இரவு முழுவதும் ஊறப்போட்டு, காலையில் புது வளையம் ஒன்றின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊறியது வீங்கித் தளர்ந்திருக்கும்.

வாகனத்தின் தடுப்புத் தொகுதியில் ஊற்றும் பிறேக் ஒயில் பெரும்பாலும் கிளைக்கோல் வகையைச் சேர்ந்தது. பெயரில்தான் ஒயில், அது பெற்றோலிய எண்ணெய் அல்ல. அங்குள்ள இறப்பர் அதற்கென்றே தெரிந்தெடுத்தது. அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினால் அந்த இறப்பர் வீங்கும், முசலம் சிக்கும், பிறேக் பிடித்தபடி நின்றுவிடும் அல்லது பிடிக்காமலே போகும். பிரான்ஸின் சிட்ரோயன் நிறுவனம் 1955இல் வெளியிட்ட காரில் பிறேக், ஸ்ரியரிங், சில்லுகளின் தாங்கி எல்லாவற்றையும் ஒரே திரவத் தொகுதி இயக்கியது. 1966இல் அந்தத் திரவத்தைக் கனிய எண்ணெய்க்கு மாற்றியபோது, அடைப்புகள் அனைத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. பழைய திரவம் சிவப்பு, புதியது பச்சை. புதிய தொகுதியின் உறுப்புகளுக்கும் பச்சை வர்ணம் பூசினார்கள். ஒன்றுக்குரிய உறுப்பை மற்றதில் யாரும் மாட்டிவிடக் கூடாதல்லவா?

இரண்டு திரவங்கள் ஒரே தொகுதியில் இருந்தே ஆக வேண்டுமானால், நடுவே சுயாதீனமாக அசையும் முசலம் ஒன்றை வைப்பார்கள். ஒரு பக்கம் நீர், மறுபக்கம் எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீரின் பக்கம் அமுக்கம் கூடினால் முசலம் நகர்ந்து எண்ணெயின் பக்கமும் அதே அளவு அமுக்கத்தை உண்டாக்கும். அமுக்கம் அந்தப் பக்கம் போகும், நீர் போகாது. அந்த முசலத்தின் விளிம்பிலும் உதடு விரிந்த ஒரு வளையம் இருக்கும். மோட்ஸ்லியின் தோல் வளையத்தின் வம்சம்தான் அது. கராஜ்களில் இதை சீல் என்பார்கள்.

வினாவில் இது வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். திரவம் விசையைக் கடத்துகிறது என்று எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம். கடத்தப்படுவது அமுக்கம். விசை பரப்பளவுக்கேற்ப மாறும்.

நற்பிட்டிமுனையிலிருந்து கிட்டங்கிப் பக்கம் வயலுக்குப் போகும் உழவு இயந்திரம் ஒன்று நிற்கும்போது அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கலப்பையைத் தூக்கும் இரண்டு கைகளையும் உயர்த்துவது ஓர் உருளையும் ஒரு முசலமும்தான். அதற்குரிய எண்ணெய் வேறு. வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்து, அதன் முன் சில்லில் டிஸ்க் பிறேக் இருந்தால், கைப்பிடியருகே உள்ள சிறிய பெட்டியின் மூடியை வாசியுங்கள். டொட் 3 அல்லது டொட் 4 என்ற திரவத்தை மட்டும், அதுவும் மூடி திறக்காத புதுப் போத்தலிலிருந்து மட்டும் ஊற்றும்படி அதில் எழுதியிருக்கும்.