ஓநாயைச் சுட்டவர்

ஓநாய் மானைத் தின்னும். ஓநாய்களை எல்லாம் ஒழிச்சிட்டா மான்கள் பெருகும். லாஜிக் சரியாத்தானே இருக்கு? நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவில் பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நம்பினார்கள். ஆல்டோ லியோபோல்டும்தான்.

1887-இல் அயோவா மாநிலத்தில் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் படித்துவிட்டு, 1909-இல் அரிசோனாவின் அப்பாச்சி தேசிய வனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போ அவருக்கு வயசு 22. கிட்டத்தட்ட நம்ம வயசுதான். அங்கே ஒரு நாள், ஆற்றோரம் குட்டிகளோடு நின்ற தாய் ஓநாயை உடனிருந்தவர்களோடு சேர்ந்து சுட்டார். கிட்டப் போனபோது அதற்கு இன்னும் உயிர் இருந்தது. அது அடங்குவதை நின்று பார்த்தார்.

உடனே மனசு மாறிட்டார்னு நினைக்கிறீங்களா? இல்லைங்க. அதற்குப் பிறகும் பல வருஷம், வேட்டை விலங்குகளை ஒழிக்கணும்னுதான் எழுதினார், பேசினார்.

அவரை மாற்றியது, கொஞ்சம் கொஞ்சமாகக் களத்தில் கண்டதுதான். ஓநாய் இல்லாத மலைகளில் மான்கள் பெருகின. செடி, கன்று எதையும் விட்டுவைக்காமல் தின்று தீர்த்தன. பிறகு பட்டினியால் செத்தன. 1935-இல் ஜெர்மனிக்குப் போனார். வரிசையாக நட்ட மரங்கள், நிறைய மான்கள், ஆனால் தரையில் செடிகளே இல்லை. அடுத்த வருஷம் வடக்கு மெக்சிகோவின் மலைகளில் ஓநாயும் இருந்தது, மானும் இருந்தது, காடும் செழிப்பாக இருந்தது. ஒரு பாகத்தைக் கழட்டினால் மொத்த சிஸ்டமும் என்ன ஆகும்னு நம்மளை விட யாருக்குப் புரியும்?

புரிஞ்சது சரி, அதை வெளியே சொல்றது எளிதா? 1943-இல் விஸ்கான்சின் மாநிலப் பாதுகாப்பு ஆணையத்தில் உறுப்பினரானார். காடு தாங்காது, பெண் மான்களையும் சேர்த்துக் குறைக்கணும்னு வாதாடினார். மக்கள் கொதித்துப் போனார்கள். பத்திரிகையில் கடுமையாகத் திட்டினார்கள். அவர் பின்வாங்கவில்லை. அந்த ஓநாயைச் சுட்ட கதையை அவர் எழுதியதே 1944-இல்தான், 35 வருஷம் கழித்து.

1948 ஏப்ரலில், பக்கத்துப் பண்ணையில் பிடித்த தீயை அணைக்கப் போனவர் மாரடைப்பால் இறந்தார். வயசு 61. அவருடைய புகழ்பெற்ற புத்தகம் அடுத்த வருஷம்தான் வந்தது.

1998-இல் அதே அப்பாச்சி வனத்தில் 11 மெக்சிகன் ஓநாய்களைத் திறந்துவிட்டார்கள். ஒழிக்கணும்னு முடிவெடுத்ததும் மனுஷங்கதான், திரும்பக் கொண்டுவந்ததும் மனுஷங்கதான். நடுவில் மாறினது நம்ம பார்வை மட்டும்தான். அதுக்கே இத்தனை வருஷம் ஆச்சு!