முன்ஷி அப்துல்லாஹ்வின் இறுதிக் கடற்பயணம்

நவீன மலாய் உரைநடையின் தந்தையெனப் போற்றப்பெறும் முன்ஷி அப்துல்லாஹ் 1796-ஆம் ஆண்டு மலாக்காவில் பிறந்தார். ஏமன் நாட்டினின்று நாகூர் வந்து தமிழ்ப் பெண்ணை மணந்த அரபு ஆசிரியர் ஒருவரின் வழித்தோன்றல் அவர். மலாக்கா வணிகர் தமிழில் கணக்கெழுதிய காலம் அது. ஆதலின் தந்தையார் அவரைத் தமிழும் கற்கச் செய்தார். இளமையில் ராஃபிள்ஸிடம் எழுத்தராகப் பணியாற்றினார். தம் வாழ்வை 'ஹிகாயத் அப்துல்லாஹ்' என்னும் நூலாக்கி 1849-இல் அச்சேற்றினார்.

1854-இல், 58 அகவையை நெருங்கிய நிலையில், ஹஜ் கடமையை நிறைவேற்றத் தாம் வாழ்ந்த சிங்கப்பூர்த் துறையில் பாய்க்கப்பல் ஏறினார். மீள்வது உறுதியன்று என்பதால் அக்காலத்துப் பயணிகள் கடன் தீர்த்து, பிழை பொறுக்க வேண்டி, உற்றாரிடம் விடைபெறுவர். முன்னோர் கிழக்கு நோக்கிக் கடந்த வங்கக் கடலை அவர் மேற்கு நோக்கிக் கடந்தார். குமரிமுனைக் கடலில் புயல் கலத்தை அலைக்கழித்தது. தாம் அஞ்சி நடுங்கியதையும் மறைக்காது எழுதினார். ஜித்தாவை அடைந்த அவர் அவ்வாண்டே ஹிஜாஸ் மண்ணில் மறைந்தார்; பயணநூல் முற்றுப்பெறவில்லை.

மன்னர் புகழும் கற்பனைக் கதையும் மலிந்திருந்த மலாய் இலக்கியத்தில், கண்டதைக் கண்டவாறே எழுதிய அவர்தம் நேர்மை, எழுதுகோல் ஏந்தும் நம் மாணவர் கொள்ளத்தக்க நன்னெறியாகும்.