பெட்டிக்குள் ஒரு குட்டி பூமி... துருவ ஒளியைத் துரத்திய பிர்க்லாண்ட்!

வானம் பச்சை கலர்ல நெளியுற ரீல்ஸ் உங்க போனில் வந்திருக்கும். அந்தத் துருவ ஒளிக்காகவே வாழ்ந்தவர், நார்வேக்காரர் கிறிஸ்டியன் பிர்க்லாண்ட்.

1867-ல், இன்றைய ஓஸ்லோவில் பிறந்தார். 1899-ல் நார்வேயின் வடகோடியில், ஹால்டே மலை உச்சியில் குளிர்காலம் முழுக்கத் தங்கி துருவ ஒளியை ஆராய்ந்தார். குழுவில் ஒருவர் பனிச்சரிவில் சிக்கி இறந்தே போனார். ஆனாலும் மனுஷன் ஆராய்ச்சியை விடலை.

ஆய்வகத்தில் அவர் செய்ததுதான் செம! காற்றை வெளியேற்றிய பெட்டிக்குள் ஒரு காந்த உருண்டையை வைத்தார். அதுதான் குட்டி பூமி. அதை நோக்கி எலெக்ட்ரான்களைப் பாய்ச்சினால், துருவங்களைச் சுற்றி ஒளி வளையம்! சூரியனிலிருந்து மின்துகள்கள் வருகின்றன, பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவங்களுக்குத் திருப்புகிறது என்றார்.

இதுக்கெல்லாம் காசு? மின்காந்த பீரங்கி ஒன்றை உருவாக்கினார். 1903-ல் டெமோவின்போது ஷார்ட் சர்க்யூட் ஆகிச் சொதப்பியது. ஆனால், அந்த மின்தீப்பொறியே காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் ஐடியாவைக் கொடுத்தது. சாம் எய்டேவுடன் சேர்ந்து அதைத் தொழிலாகவே மாற்றினார்.

துருவ ஒளி விஷயத்தில் மட்டும் பெரிய விஞ்ஞானிகள் பலர் அவரை நம்பவில்லை. தூக்கமின்மைக்கு மருந்து எடுத்துவந்தவர், 1917-ல் டோக்கியோ ஹோட்டல் அறையில் இறந்துகிடந்தார். வயது 49. சுமார் 50 வருஷம் கழித்து, அவர் சொன்ன விண்வெளி மின்னோட்டங்களைச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்தன. இன்று அவற்றுக்கு அவர் பெயர்தான்.

இதனால நமக்கு என்ன? செவ்வாயைப் பாருங்க. சுமார் 400 கோடி வருடங்களுக்கு முன் தன் காந்தப்புலத்தை இழந்த கிரகம் அது. அதன் காற்றைச் சூரியக்காற்று இன்னமும் அரித்துச் செல்வதை நாசாவின் மேவன் விண்கலம் பதிவு செய்தது. அதுக்காக காந்தம் இருந்தாலே போதும்னு நினைச்சிடாதீங்க. காந்தப்புலமே இல்லாத வெள்ளி அடர்ந்த காற்றோடுதான் இருக்கிறது.

2016-ல் கண்டுபிடித்த புராக்சிமா சென்டாரி பி கிரகத்தின் நட்சத்திரம், அடிக்கடி பயங்கரமாகச் சீறும். அங்கே உயிர் வாழ முடியுமா? அந்தச் சீற்றம் கிரகத்தைத் தொடும்போது என்ன நடக்கும் என்பதில்தான் விடை இருக்கிறது. பிர்க்லாண்ட் தன் பெட்டிக்குள் தேடியதும் அதையேதான்!