லூயிஸ் பிரை ரிச்சர்ட்ஸன்

இங்கிலாந்து தேசத்து நியூகாஸில் நகரில், தோல் பதனிடும் தொழில் புரிந்த குவேக்கர் குடும்பமொன்றில், 1881-ஆம் வருஷம் அக்டோபர் 11-ந் தேதி ரிச்சர்ட்ஸன் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றபின், சதுப்பு நிலத்துக் கரியை வெட்டியெடுக்கும் கம்பெனியொன்றில் அமர்ந்தார். நீர் வடியுங் கால்களை எங்ஙனம் வெட்டுவது என்னும் வினா அங்கே எழுந்தது. ஓரங்களின் நிலை தெரிந்திருப்பினும், உள்ளே நீரோடும் வகையை உரைக்கும் சமன்பாட்டை நேரே தீர்த்தல் இயலாதாயிற்று. ஆதலின் நிலத்தைக் கட்டங்களாகப் பகுத்து, மூலைதோறும் எளிய எண்கணிதத்தால் விடை காணத் தொடங்கினார்.

1910-ல் இம்முறையை எகிப்து தேசத்து அசுவான் அணையின் தகைவுகளுக்குப் பிரயோகித்து ராயல் சங்கத்தாருக்கு ஒரு கட்டுரை விடுத்தார். கணக்கிடக் கூலிக்குச் சிறுவர்களை அமர்த்தினார். அவருள் விரைவுள்ள ஒருவன் மூன்றிலக்க எண்களைக்கொண்டு வாரத்திற்கு 2000 கணக்குகள் செய்தனன். பிழைபட்டவை எண்ணப்படவில்லை! இவ்வரிய ஆராய்ச்சியைக் காட்டியும் தாம் பயின்ற கிங்ஸ் கலாசாலையில் அவருக்குப் பதவி கிட்டவில்லை என்பது நமக்கு வியப்பே.

கட்டம் சிறுத்தால் பிழை குறையும் என்பதை யாவரும் அறிவர். எவ்வேகத்திற் குறையும் என்பதே அவர் வினவியது. ஓரலகு நீளமுள்ளதாய் இருமுனையுங் கட்டிய தந்தியின் அதிர்வை நிர்ணயிக்கும் எண்ணை எடுத்துக்கொள்வோம். தந்தியை இரண்டாகப் பகுத்தால் 8. நான்காகப் பகுத்தால் 9.3726, எட்டாகப் பகுத்தால் 9.7434. அடுத்தடுத்த வித்தியாசங்கள் 1.3726, 0.3708. முன்னது பின்னதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆகவே இடைவெளியைப் பாதியாக்கப் பிழை காற்பங்காகிறதென்பது, மெய்விடையை அறியுமுன்னரே புலனாகின்றது. இனி முதலிரு விடைகளின் வித்தியாசத்தில் மூன்றிலொரு பங்கை இரண்டாவதனோடு கூட்டின் 9.8301 வரும். மெய்விடையோ 9.8696. எட்டுப் பகுதிகளாற் பெற்றதினும், இரண்டும் நான்குங் கூடித் தந்தது மெய்க்கு அணித்தாயிருத்தல் காண்க. இக்கருத்தை 1927-ல் காண்ட் என்பாருடன் சேர்ந்து அவர் விரித்தெழுதினார்.

முதல் உலக யுத்தத்தில் ஆயுதமெடுக்க உடன்படாது, பிரான்சில் காயமுற்றோரை வண்டியிலேற்றிச் செல்லும் பணி பூண்ட காலத்தே வானிலையையும் கட்டமிட்டுக் கணித்தார். ஆறுமணி நேரத்திற் காற்றழுத்தம் 145 மில்லிபார் மாறுமென வந்தது. அந்நாளிலோ பாரமானி ஏறக்குறைய அசையாதிருந்தது. கட்டத்தைச் சிறிதாக்கி நீக்கத்தக்க பிழையன்று அது. தொடக்கத்திற் கொண்ட காற்றளவுகளால் விளைந்தது. இத்தோல்வியை அவர் மறைத்திலர். 1922-ல் தம் நூலிலேயே அச்சிட்டார்.

1920-ல் வானிலை இலாகா விமான மந்திரி அலுவலகத்தின் கீழ் வந்தபோது, யுத்தப்பணிக்கு உடன்படாது உத்தியோகத்தைத் துறந்தார். பின்னர்ப் பெய்ஸ்லி தொழிற் கலாசாலைக்குத் தலைவராயிருந்து, 1953 செப்டம்பர் 30-ல் ஸ்காட்லாந்தில் காலமானார். பொறியியற் கணக்குகளின் பிழையைக் கட்டங் குறுக்கி மதிப்பிடும் முறை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.