உசேன் ஹெகாசி

நைல் நதி வளஞ்சுரக்கும் எகிப்து, பழம்பெருமை வாய்ந்த நாடு. 1882ஆம் ஆண்டில் அஃது ஆங்கிலப் படையின் பிடியில் அகப்பட்டது. ஆள வந்தோர் ஆடிய கால்பந்தாட்டத்தை அந்நாட்டு இளைஞரும் விரும்பிக் கற்றனர். அவருள் தலைசிறந்தவர் உசேன் ஹெகாசி.

1911ஆம் ஆண்டில் அவர் பொறியியல் பயில இலண்டன் மாநகர் சென்றார். அங்கே டல்விச் ஹாம்லெட் என்னும் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகத்தார் ஊதியம் கருதாது ஆடுவோர். மெலிந்த உடலினராயினும், ஹெகாசியின் காலுக்குப் பந்து ஏவல் செய்தது. அவர் புகழ் எங்கும் பரவிற்று.

புல்ஹாம் என்னும் பெருங்கழகம் அவரை அழைத்தது. அவ்வாண்டு நவம்பர்த் திங்களில், ஸ்டாக்போர்ட் கழகத்தை எதிர்த்து ஆடிய முதல் ஆட்டத்திலேயே அவர் ஒரு கோல் அடித்தார். புல்ஹாம் மீண்டும் அழைத்தது. டல்விச் கழகத்தைத் தோற்றுவித்த பெரியவர் வில்சனோ, அவரை நேரிற் கண்டு, தம்மைப் பிரியாதிருக்குமாறு வேண்டினார். ஒருபால் பெரும்புகழ், மற்றொருபால் நன்றிக்கடன். ஹெகாசியின் உள்ளம் ஊசலாடியது. அயல்நாட்டிலே தம்மை அன்புடன் ஏற்றவரைக் கைவிட அவர் மனம் ஒருப்படவில்லை. புல்ஹாமுக்கு அவர் ஆடியது அந்த ஓர் ஆட்டமே.

பின்னர்க் கேம்பிரிட்ஜிலும் பயின்று, 1914ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். 1920ஆம் ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் எகிப்து அணியினராய் ஆடினார். அவ்வணி இத்தாலியிடம் 2-1 எனத் தோற்றது. 1922ஆம் ஆண்டில் எகிப்து தனிநாடாயிற்று. ஈராண்டு கழித்துப் பாரிசில், ஹெகாசியின் தலைமையில் அந்நாட்டு அணி, வலிமை மிக்க அங்கேரியை 3-0 என வென்றது. அம்மூன்றனுள் ஒன்று அவர் அடித்தது. அடுத்த ஆட்டத்தில் சுவீடனிடம் தோற்றபோதிலும், எகிப்தின் பெயரை உலகம் அறிந்தது.

திறமை ஒருவனுக்குப் புகழைத் தரும். செய்ந்நன்றி அறிதலே அப்புகழை நிலைபெறச் செய்யும். இதற்கு ஹெகாசியின் வாழ்வு நற்சான்றாம்.