ஊசி தைத்த புறா

எங்கள் பள்ளிவாசல்துறையில் பிள்ளையொன்று வெருண்டு போனால் முதியோர் வாயில் முதலில் வரும் பெயர் நாகூர் ஷாகுல் ஹமீது நாயகருடையது. கற்பிட்டிக் குடாநாட்டில், புத்தளக் களப்பு ஒருபுறமும் பெருங்கடல் மறுபுறமுமாக வாழ்கின்ற எமக்கு நாகூர் அயல் நாட்டு ஊராகத் தோன்றியதில்லை. கடலோடிகள் பாய் விரிக்கும்போதும் பெண்கள் நோயாளியின் தலைமாட்டில் இருக்கும்போதும் அழைத்த பெயர் அது.

ஏழு வயதில் நான் களப்பில் வள்ளம் கவிழ்ந்து விழுந்தேன். கரையேற்றப்பட்ட பின் மூன்று நாட்கள் பேச்சற்றுக் கிடந்தேனாம். என் உம்மம்மா லெப்பையை அழைத்து ஓதிப் பார்க்கச் செய்தார். பீங்கானில் எழுதிய இசுமைக் கரைத்துப் பருகத் தந்தார். பின்னர் அந்தி வேளையில் துறைக்குச் சென்று, நான் விழுந்த திசையை நோக்கி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, நாகூராருக்கு ஒரு நேர்ச்சையும் வைத்துத் திரும்பினார். எதைக் கூப்பிட்டார் என்று பின்னாளிற் கேட்டேன். விட்டு வந்ததை என்றார். அதற்குமேல் ஒன்றும் சொன்னாரில்லை.

மெக்சிகோ நாட்டுச் சியாப்பாஸ் மலைகளில் வாழும் மாயர் மரபினரைப் பற்றிப் படித்தபோது எனக்கு உம்மம்மாவின் நினைவு வந்தது. அவர்களுள் ட்சோட்சில் மொழி பேசும் சினகந்தான் மக்கள், மனிதனின் உயிர் பதின்மூன்று கூறுகளையுடையது என்றும், அச்சத்தால் அவற்றுள் சில பிரிந்து வெருண்ட இடத்திலேயே தங்கிவிடும் என்றும் கொள்வர். அவர்தம் வைத்தியர் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்துக் குறையை அறிந்து, அவ்வுயிர்க் கூறுகளை அழைத்துத் திரும்பச் சேர்ப்பார். அம்மலைக்கும் எங்கள் களப்புக்கும் எத்தொடர்பும் இல்லை. ஆயினும் பிணி தீர்க்க வருபவர் முதலில் செய்ய வேண்டியது தேடுதல் என்னும் எண்ணம் இரண்டிடத்தும் ஒன்றே. நாகூர் நாயகரின் சரிதத்தையும் நான் அந்த எண்ணத்தோடுதான் படித்து வருகிறேன்.

நாயகர் பிறந்தது வடஇந்தியாவில், இன்றைய உத்தரப் பிரதேசத்திலுள்ள மாணிக்கப்பூரில். ஹிஜ்ரி 910, அதாவது கி.பி. 1504 என்பது பெருவழக்கு. வேறு கணக்கும் உண்டு. தந்தையார் ஸையிது ஹஸன் குத்தூஸ், தாயார் பாத்திமா. பக்தாது நகரத்து அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் வழித்தோன்றல் என்பர். குவாலியரில் முகம்மது கௌது என்னும் ஞானியிடம் பயின்று, பின் பக்கீர்கள் புடைசூழ மேற்றிசை நோக்கி நடந்தார். பக்கீர்களின் தொகை 404 என்று சொல்லப்படுகிறது.

லாகூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் ஒன்றை மட்டும் விரித்துரைக்க வேண்டும். அங்கே நூறுத்தீன் என்னும் காஜியாருக்கும் அவர் மனைவியாருக்கும் மகப்பேறு இல்லை. நாயகர் தாம் மென்ற வெற்றிலையை அவ்வம்மையாருக்குக் கொடுத்தனுப்ப, யூசுபு என்னும் மகன் பிறந்தான். அம்மகன் வளர்ந்து நாயகரைத் தேடி வந்து, அவர்க்கே மகனாக இறுதிவரை உடனிருந்தான். மணஞ்செய்யாத துறவிக்குச் சந்ததி வாய்த்த கதை இது. இன்றும் நாகூர்த் தர்காவின் உரிமையாளரான சாகிபுமார் யூசுபு சாகிபின் வழியினரே.

மக்காவில் ஹஜ்ஜுக் கடமையை முடித்து, மாலைதீவும் இலங்கையும் கண்டு, காயல்பட்டினம், கீழக்கரை வழியாகச் சோழநாடு புகுந்தார் என்பது மரபு. இலங்கையில் பாவா ஆதம் மலையைத் தரிசித்தார் என்பதும் அம்மரபிலே அடங்கும். எங்கள் கரையில் கால் வைத்தாரா என்று சிறுவயதில் ஓயாது கேட்டிருக்கிறேன். ஆம் என்று சொல்லாத முதியவர் எங்களூரில் அப்போது ஒருவரும் இல்லை.

தஞ்சையில் அப்போது நாயக்கர் ஆட்சி. மன்னர் தீராத நோயில் வீழ்ந்து கிடந்தார்; மரபு அவரை அச்சுதப்ப நாயக்கர் என்று குறிக்கும். அரண்மனை மருத்துவம் பயன் தரவில்லை. நாயகர் மருந்து எதுவும் கேளாமல், நோயின் இருப்பிடத்தைத் தேடச் செய்தார். அரண்மனையின் மேற்புறத்தில், உடலெங்கும் ஊசிகள் தைத்த புறா ஒன்று உயிரோடு கிடந்தது. மன்னர்மேல் ஏவிய சூனியம் அது. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கப் பிடுங்க மன்னர் நோவு தணிந்தது. புறாவுக்கும் நோய் ஆற்றிப் பறக்க விட்டனர். மன்னர் மனமுவந்து அளித்த நிலத்திலே நாகூர்த் தலம் எழுந்தது.

இக்கதையைத் திருக்காரணப் புராணம் பாடிய சேகனாப் புலவர் முதலாகப் பலர் விரித்துள்ளனர். வரலாற்றாசிரியர் இதனை அப்படியே ஏற்கமாட்டார். நானும் ஏற்கும்படி யாரையும் வற்புறுத்தேன். ஆனால் கதை சொல்வோர் எவரும் அந்தப் புறாவை மறந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மன்னர் பிழைத்தால் போதும் என்று கதை முடிந்திருக்கலாம். பறவையும் பிழைக்கவேண்டும் என்று மக்கள் விரும்பினர்.

புகழை மட்டும் சொல்லிச் செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. எங்கள் அயல்வீட்டுக் குழந்தை ஒன்று காய்ச்சலில் வாடியபோது, நூல் ஓதிக் கட்டியதோடு ஐந்து நாட்கள் கழித்துவிட்டனர். வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்திருந்தது. அந்தத் தாயின் அழுகை என் காதில் இன்னும் இருக்கிறது. சன்னிதிகளில் நோய் தீர்க்க வேண்டுவது மார்க்கத்துக்கு முரண் என்று எங்கள் இளைஞர் வாதிடுகின்றனர். அவர்களுக்கு நான் மறுமொழி சொல்வதில்லை. உம்மம்மா எனக்குச் செய்ததையும் அக்குழந்தைக்கு நேர்ந்ததையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை. என் நோய் அச்சம். அதன் நோய் காய்ச்சல்.

நாயகர் ஹிஜ்ரி 978இல், கி.பி. 1570இல், ஜமாதுல் ஆகிர் பத்தாம் நாள் நாகூரிலே மறைந்தார். ஆண்டுதோறும் அம்மாதத்தில் கந்தூரி பதினான்கு நாட்கள் நடைபெறும். தர்காவின் ஐந்து மனோராக்களுள் 131 அடி உயரமுள்ள பெரியது தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங்கர் எழுப்பியது. அவர் ஆண்டது 1739 முதல் 1763 வரை. கடலோடிகள் அப்பெயரைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டு சென்றனர். எங்கள் நாட்டிலே கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் அவர் பெயரால் கொடி ஏறுகிறது.

உம்மம்மா வைத்த நேர்ச்சை நிறைவேற நாற்பது ஆண்டுகள் சென்றன. நான் நாகூர் சென்றபோது அவர் உயிரோடில்லை. ஷிபா குண்டா என்னும் தர்காக் குளத்தின் படியில் ஒரு பெண், தலை துவளும் மகனை மடியில் கிடத்தி, அவன் நெற்றியில் நீர் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். தமிழ் பேசினாள், இந்து என்று தெரிந்தது. வைத்தியரிடம் காட்டினீர்களா அம்மா என்று கேட்டேன். காட்டியாயிற்று, மருந்தும் பையில் இருக்கிறது என்று தொட்டுக் காட்டினாள். மனோராவின் மாடங்களில் புறாக்கள் வந்து அடைந்துகொண்டிருந்தன. அவள் மகனுக்கு அவற்றைக் காட்டி, அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.