பாழடைந்த அரண்மனையில் ஓர் எழுத்தாளர்

இருபது ஆண்டுகள் தூங்கி எழுந்த ரிப் வான் விங்கிள் கதை உங்களுக்குத் தெரியும் அல்லவா? அதை எழுதியவர் வாஷிங்டன் இர்விங். பாழடைந்து கிடந்த ஓர் அழகிய அரண்மனையை உலகமே திரும்பிப் பார்க்க வைத்தவரும் அவர்தான்!

1783ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் இர்விங் பிறந்தார். விடுதலைப் போர்த் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். சட்டம் படித்தார், அதில் மனம் ஒட்டவில்லை. 1818இல் குடும்ப வணிகம் நொடித்துப்போனது. அதன் பிறகு எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார்.

1826இல் ஸ்பெயின் சென்ற அவர், கொலம்பஸின் வரலாற்றை எழுதினார். பின்னர் கிரானடா நகருக்குப் போனார். அங்கே குன்றின்மேல் நின்றது அல்ஹம்ப்ரா அரண்மனை. அரபு மொழியில் அதற்குச் சிவப்பானது என்று பொருள். மூர்கள் எனப்பட்ட முஸ்லிம்களின் அரசர் முதலாம் முகமது, 1238இல் அதைக் கட்டத் தொடங்கினார். 1492இல் அது கிறிஸ்தவ மன்னர்களின் கைக்கு வந்தது. 1812இல் நெப்போலியனின் படையினர் பின்வாங்கியபோது, அதன் கோபுரங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்தனர். ஏழைக் குடும்பங்கள் அங்கே ஒண்டிக்கொண்டிருந்தன.

1829 மே மாதம் இர்விங் அந்த அரண்மனையிலேயே குடியேறினார். பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் தாங்கும் நீரூற்று, தேன்கூடு போன்ற கூரை, அரபுக் கவிதைகள் செதுக்கிய சுவர்கள் எல்லாம் அவரை மயக்கின. டாரோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டி, குன்றுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருந்தனர். மோட்டார் இல்லாத காலத்தில் எத்தனை திறமை, பாருங்கள்!

அங்கிருந்த ஏழைகள் சொன்ன பழங்கதைகளையும் இர்விங் ஆவலோடு கேட்டார். பார்க்க வந்தவர்கள் சுவர்களில் பெயரைக் கிறுக்கிவந்தனர். அதைத் தடுக்க, அவருடன் வந்த ரஷ்ய நண்பர் டோல்கொருகி ஒரு கையெழுத்துப் புத்தகத்தை வைத்தார். இர்விங்கும் அதில் கையெழுத்திட்டார்.

1832இல் அவரது அல்ஹம்ப்ரா கதைகள் நூலாக வந்தன. அதைப் படித்தவர்கள் அரண்மனையைத் தேடி வந்தனர். மெல்ல மெல்லப் பழுதுபார்க்கும் வேலைகளும் நடந்தன. 1870இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம்பெற்றது.

1842இல் அமெரிக்கத் தூதராக மீண்டும் ஸ்பெயின் சென்ற இர்விங், 1859 நவம்பர் 28இல் காலமானார்.

வேறு நாடு, வேறு மதம், வேறு மொழி. ஆனாலும் அவர்கள் படைத்த அழகைத் தம்முடையதுபோல் நேசித்தார் இர்விங். நீங்களும் பழைய கட்டடங்களுக்குப் போனால் சுவரில் கிறுக்காதீர்கள். பார்த்ததை வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுங்கள், சரியா?